குழம்புக் கறை பட்ட சுருள்

காலை, சீனக் கணக்கில் நாகப் பொழுது.

சுருளை விரித்ததும் ஷென் யூலின் அலறினார்.

"ஐயோ, இது என் எழுத்தே இல்ல! எவனோ மாத்திட்டான்!"

சூச்சோவ் நகரமே கொண்டாடும் எழுத்தோவியர். போன மாதம் விருந்தில், குடித்த வேகத்தில், ஒரே மூச்சில் எழுதிய இருபது எழுத்துகள். 'இனி எனக்கே இப்படி வராது' என்று அன்றே சொன்னார். பின்தாள் ஒட்டிப் பட்டுக்கரை கட்டத் துவான் கடைக்குப் போன தாள், நேற்றுதான் திரும்பியது. கொண்டுவந்தவர் மாப்பிள்ளை லுவோ. மாமனாரின் எழுத்தை அச்சு அசலாக எழுதக்கூடிய ஒரே ஆள்.

சந்தேகப்பட இது போதாதா?

"நீங்கதான் மாப்ளே! நல்லதை வித்துட்டு உங்க கிறுக்கலை வெச்சிட்டீங்க. எழுத்தா இது? எலும்பில்லாத புழு! பொழுது சாயறதுக்குள்ள வீட்டை விட்டுக் கெளம்புங்க!"

"மாமா, நான் எழுதியிருந்தா இவ்வளவு மட்டமாவா இருக்கும்?"

எரிகிற தீயில் எண்ணெய். உள்ளே மகள் அழுதபடி மூட்டை கட்டத் தொடங்கினாள்.

ஷென்னின் மனைவி ஹெ அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வருடமாகப் புருஷனுக்கு மை அரைப்பவள். குனிந்து பார்த்தாள்.

தடித்த கோடுகள் வெளுத்திருந்தன. தூரிகை தொட்டும் தொடாமலும் பறந்த கோடுகளைக் காணவே காணோம். முத்திரைச் சிவப்பும் மங்கல். கீழ் மூலையில் மட்டும் ஒரு எண்ணெய்க் கறை, பளிச்சென்று. முகர்ந்தாள். வாத்துக் குழம்பு!

"எழுதினப்போ தாள் எப்படி?"

"துணி மாதிரி தடி."

"இப்போ?"

"பின்னாடி ஒட்டிட்டானே, எப்படித் தெரியும்?"

"மாப்ளே, அன்னிக்கு விருந்துல இருந்தீங்களா?"

"இல்ல அத்தை, ஹாங்சோவ் போயிருந்தேன்."

"சரி, ரெண்டு பேரும் என்கூடக் கடைக்குக் கெளம்புங்க."

நண்பகல், குதிரைப் பொழுது. துவான் கடை. சுவரெல்லாம் ஒட்டிக் காயும் தாள்கள்.

"வாங்கக்கா, டீ சாப்பிடுங்க."

"டீ இருக்கட்டும் தம்பி. அந்த ஒரு தாளுக்கு மட்டும் ஏன் துணி?"

"தூசி படாம..."

"மத்ததுக்குத் தூசி ஒட்டாதோ?"

துணியை இழுத்தாள். அதே இருபது எழுத்துகள், கன்னங்கரேலென்று, உயிரோடு. கீழ் மூலையில் அதே கறை.

ஷென் திகைத்தார். "அப்போ வீட்டுல இருக்கறது?"

"அதுவும் உங்க எழுத்துதான். தடித்தாள்ல ரெண்டு அடுக்கு. ஊறவெச்சு உரிச்சா பிரியும். கனமா விழுந்த மை அடித்தாளுக்கு இறங்கும், பறந்த கோடு இறங்காது. போலி எழுதறவன் எழுத்தை ஒழுங்கா எழுதுவான், கறையை விட்டுடுவான். இங்க தலைகீழ். நான் சிந்தின கொழம்பு ரெண்டுலயும் ஊறியிருக்கு. நேத்து வாங்கிட்டு வர்ற வரைக்கும் மாப்பிள்ளை அதைப் பாக்கவே இல்ல. தம்பி, எழுத்தை உரிச்சே, கொழம்பை மறந்துட்டே!"

துவான் காலில் விழுந்தான். "உப்பு வியாபாரி ஒருத்தன் பெரிய விலை சொல்லி ஆசை காட்டிட்டான்கா!"

"எழுந்து வேலையைப் பாரு. எங்க கண்ணு முன்னாடி இதுக்குப் பட்டுக்கரை கட்டு."

லுவோ மெல்லத் தொண்டையைச் செருமினார். "மாமா, அடித்தாளும் உங்க எழுத்துதானே?"

"ஆமா."

"எலும்பில்லாத புழுன்னு யாரோ..."

ஷென் தாடியைத் தடவினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அதை நீங்களே வெச்சுக்குங்க மாப்ளே. உங்க சுவத்துல மாட்டுங்க. நான் கத்தறப்பல்லாம் காட்டுங்க."

"மொதல்ல மக கட்டின மூட்டையை அவுக்கச் சொல்லுங்க," என்றாள் ஹெ அம்மாள். "இன்னிக்கும் வாத்துதான்."