கெட்டில் கவிழ்ந்த ஞாயிற்றுக்கிழமை

தாய்லாந்தின் மகாச்சாய் நகரத் தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்துக்குள் சோ தூன் நுழைந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பர்மியத் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்ப்பவன் அவன். விசாரணை அதிகாரி சுமாலியின் மேசையில் இழப்பீட்டுப் படிவம் ஒன்றை வைத்தான்.

மீன் டப்பா ஆலையில் வேலை செய்யும் கின் லேயின் வலது கை வெந்துபோயிருந்தது. மீன் வேகவைக்கும் பெட்டியின் கதவு திறந்துகொண்டு நீராவி அடித்தது என்றாள் அவள். ஆலை வேறு மாதிரி எழுதியிருந்தது. அன்று ஞாயிறு, விடுமுறை. தங்கும் அறையில் கெட்டில் கவிழ்ந்து வெந்நீர் கொட்டியதாம். அறைத்தோழி எய் மோன் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். வேலையில் நேர்ந்த காயம் என்று இழப்பீட்டு நிதி ஏற்றால்தான் தோல் ஒட்டும் அறுவை நடக்கும். இந்த வாரம் தவறினால் கையை முழுதாக நீட்ட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"நாளைக்குள்ள முடிவு வேணும்க்கா. வாங்க, ஆலை மேற்பார்வையாளரைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கலாம்," என்றான் சோ தூன்.

"முதல்ல கையைப் பாக்கலாம்," என்றார் சுமாலி.

மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கும்போது கின் லே பல்லைக் கடித்துக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்றிலும் வெந்திருந்தது. அதன் குறுக்கே இரண்டு விரலகலப் பட்டைகளாக மட்டும் தோல் பிழைத்திருந்தது. விரல்களிலும் உள்ளங்கையிலும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

அங்கிருந்து நேராக ஆலை வாசலுக்குப் போனார்கள். வேலை முடிந்து வந்த பெண்கள் தடித்த கையுறைகளையும், முழங்கை வரை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளையும், அவற்றை இறுக்கும் ரப்பர் பட்டைகளையும் கழற்றிக் கூடையில் போட்டார்கள். காவலாளி எண்ணி எடுத்தான். ஒரு பட்டை குறைந்ததற்காக ஒருத்தியை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தான். யாரையும் விசாரிக்காமல் சுமாலி திரும்பிவிட்டதில் சோ தூனுக்கு ஆத்திரம். ஒரு நாள் வீணாகிவிட்டதே என்று வழியெல்லாம் புலம்பினான்.

மறுநாள் மேற்பார்வையாளர் பிரசெர்ட்டும் எய் மோனும் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார்கள். பிரசெர்ட் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைக் காட்டினார். எய் மோன் தலை நிமிரவில்லை.

"கெட்டில் கவிழ்ந்தா தண்ணி கீழ வழியும்," என்றார் சுமாலி. "விரல்ல ஒரு சொட்டுக்கூட படலை. சுத்திலும் ஒரே மாதிரி வெந்திருக்கு. அது ஆவி. விரலைக் காப்பாத்தினது தடிச்ச கையுறை."

"வீட்டுலயும் கையுறை போட்டுப் பாத்திரம் கழுவுவாங்க மேடம்."

"சரி. அப்ப அந்த ரெண்டு கோடு? முழங்கை வரை போடற மெல்லிய பிளாஸ்டிக் உறை ஆவியைத் தடுக்கலை. ரப்பர் பட்டை இருந்த இடத்துல மட்டும் தோல் தப்பிச்சிருக்கு."

"பட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பா."

"நேத்து உங்க வாசல்ல நின்னேன். ஒரு பட்டை குறைஞ்சாலே ஆளை வெளிய விட மாட்டேங்கறீங்க. அப்ப அவ கையில பட்டை இருந்தப்போ அவ உள்ளதான் இருந்திருக்கா. ஏடு விடுமுறைங்குது. கை அப்படிச் சொல்லலை."

சோ தூனுக்கு முகம் சுட்டது. மருத்துவமனையில் அந்தக் கோடுகளையும் வாசலில் அந்தக் கூடையையும் அவனும்தான் பார்த்தான்.

பிரசெர்ட் ஏட்டை மெல்ல மூடினார். அன்று அவசர ஆர்டர், பதிவில்லாமல் வரச் சொன்னது மேலிடம், கதவின் கொக்கி தேய்ந்திருந்ததைத் தான் எழுதிக் கொடுத்தும் மாற்றவில்லை என்று தணிந்த குரலில் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். சுமாலி அதை எழுதி, கையெழுத்து வாங்கி, அறுவைக்கான அனுமதிக் கடிதத்தில் முத்திரை குத்தினார். கடிதத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோக சோ தூன் எழுந்தான்.

எய் மோன் மட்டும் நகரவில்லை. ஏன் பொய்க் கையெழுத்துப் போட்டாய் என்று பர்மிய மொழியில் அவன் கேட்டான்.

"வேலை அட்டையைப் புதுப்பிக்க மாட்டோம்னாங்க," என்றாள். பிறகு வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினாள். சுருங்கிக் காய்ந்த தழும்பு. குறுக்கே இரண்டு வெளிறிய கோடுகள். "போன மழைக்காலம். அதே கதவு. எனக்கும் கெட்டில்னுதான் எழுதினாங்க."

அந்தக் கை முழுதாக நீளவில்லை.

சோ தூன் அதைத் தாய்லாந்து மொழியில் சொல்லி முடிக்கும் முன்பே, சுமாலி இழுப்பறையைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்திருந்தார்.