கால் எடுத்தால் வரும் சத்தம்

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும்தான் அந்தச் சத்தம் வந்தது. மிதிக்கும்போது ஒன்றுமில்லை. எடுத்த கையோடு, வண்டியின் முதுகில் யாரோ உள்ளங்கையால் ஓங்கி அறைந்த மாதிரி, டப்.

முதல் தடவை, ஏதோ கல் தெறித்திருக்கும் என்று தம்பி நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அடுத்த வளைவில் மறுபடி டப். பக்கத்து சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா, உன் வண்டி வெடி போடுது?"

"பழைய வண்டிக்கா. அதுக்குன்னு ஒரு குணம் இருக்கும்."

"அப்பாவுக்கும் இதே குணம்தான். யாரும் மிதிக்காமலே வெடிப்பாரு."

அவன் சிரித்தான். சிரித்தபடியே தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, காதை அந்த இடுக்கில் வைத்துக்கொண்டான். வெளியே மலைச்சாலை, அந்தி இருட்டு, பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி மூடுபனி. உள்ளே சூடான தகரத்தின் வாசனை, புது பெயின்ட் வாசனை, அதற்கு அடியில் மெலிசாக இன்னொன்று. அந்த இன்னொன்று என்னவென்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டான்.

இன்ஜின் பின்னால் இருக்கிற, தண்ணீரே இல்லாமல் வெறும் காற்றில் குளிர்கிற அந்தக் காலத்து வேன். உள்ளே சின்ன அலமாரி, மடக்கு மேசை, கடைசியில் இன்ஜினுக்கு நேர் மேலே ஒரு மெத்தை. ரெண்டு வருஷமாக லீவு நாள் ஒன்று விடாமல் அதன் அடியில்தான் கிடந்தான். அப்பா அதைத் தகர டப்பா என்பார். அம்மா அந்தப் பக்கமே வர மாட்டாள். அக்கா ஒருத்திதான், "அவன் ஏதோ உருப்படியா பண்றான், விடுங்கப்பா" என்று சண்டைக்கு நின்றவள். அதனால்தான் முதல் பயணத்துக்கு அவளைக் கூட்டி வந்தான். குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, "என் தம்பி வண்டி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு ஏறினாள்.

இருட்ட இருட்ட, போர்வைக்குள்ளேயும் அவளுக்குக் குளிரெடுத்தது.

"ஹீட்டர் இருக்குன்னியே இன்ஜினியர் சார்? அத்தனையும் மாத்திட்டேன்னு மார் தட்டினியே?"

அங்கேதான் அவன் ஒரு நொடி தயங்கினான்.

இந்த வண்டியில் ஹீட்டர் என்பது தனி இயந்திரம் இல்லை. இன்ஜின் புகை போகிற குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஊதுகிற காற்று அந்தக் குழாய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வரும். குழாயில் விரிசல் இருந்தால் புகையும் சேர்ந்து வரும். அதில் ஆளைக் கொல்கிற வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. இது அவனுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். இடது குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. குழாயை மாற்றவில்லை. விரிசல் மேல் பசையை அப்பி, வெள்ளி பெயின்ட் அடித்து, மினுமினுக்கிற போட்டோ எடுத்து வண்டிப் பைத்தியங்களின் குழுவில் போட்டான். 'எல்லாம் புதுசு' என்று எழுதினான். கைதட்டல் குவிந்தது. அக்காவும் ஒரு இதயம் போட்டிருந்தாள்.

ஹீட்டர் வேண்டாம்க்கா, அதுல ஒரு பிரச்சனை இருக்கு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு எழவில்லை. சீட்டுகளுக்கு நடுவே இருந்த ஹீட்டரின் சிவப்புப் பிடியைத் தூக்கினான். முன்பக்கத் துவாரம் துருவில் அடைத்துக் கிடந்ததால் சூடு பின்னால், மெத்தைக்கு அடியில்தான் வந்தது.

"பின்னால நல்லா கதகதன்னு இருக்குடா" என்று அக்கா எழுந்து போனாள். செருப்பைக் கழற்றி விட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தலை விண்ணு விண்ணுங்குதுடா" என்றாள்.

"வளைவுக்கா. எல்லாருக்கும் வரும்."

டப்.

சாலை அகலமான ஓரிடத்தில் ஓரம் கட்டினான். "சும்மா ஒரு நிமிஷம் பாத்துடறேன்" என்றதற்கு, போர்வைக்குள்ளிருந்து "ம்" என்று வந்தது. இன்ஜின் ஓடினால்தான் சத்தத்தைப் பிடிக்க முடியும் என்று ஓடவிட்டே இறங்கினான். ஹீட்டர் பிடியைப் பார்த்தான். அதை இப்போது இறக்கினால் ஏன் என்று கேட்பாள். அப்படியே விட்டான்.

பின்பக்க மூடியைத் தூக்கினான். டார்ச் வெளிச்சத்தில் பெல்ட் சுற்றியது, காற்றாடி இரைந்தது. பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தன. கார்புரேட்டரின் அடியில் காற்று ஒழுகுகிறதா என்று விரலால் தடவினான். இல்லை. பிளக் சரியான நேரத்தில் பொறி விடுகிறதா என்று டைமிங் விளக்கைப் பிடித்தான். சுற்றுகிற சக்கரத்தின் கோடு நிற்க வேண்டிய இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவன் அடுத்ததை அவசரமாகத் தேடினான். ஒன்றாவது கெட்டுப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. காலை எடுத்தால் மட்டும் வெடிக்கிறது என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், புகைக் குழாயில் எங்கோ ஓட்டை. இது அவனுக்கு முதல் வளைவிலேயே தெரியும்.

"அக்கா! முன்னால வந்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதியேன்!"

பிறகு வண்டி லேசாக ஆடியது. யாரோ எழுந்து நடக்கிறபோது ஆடுகிற ஆட்டம். டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"மிதி!"

இன்ஜின் உறுமி ஏறியது.

"விடு!"

இறங்கியது. டப்.

துணியைச் சுருட்டி சைலன்ஸர் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரையில் கன்னம் பட குனிந்தான். வெளியே போக வழியில்லாத புகை ஓட்டை இருக்கிற இடத்தில் சீறும். சீறியது. இடது பக்கம். வெள்ளி பெயின்ட் தோலாக உரிந்து, பசை பறந்துபோய், விரிசலைச் சுற்றி கன்னங்கரேலென்று கரி. அங்கிருந்து மெத்தைக்கு அடியில் சூட்டைக் கொண்டுபோகிற குழாய்க்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை.

கத்தியிருக்கலாம். கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்திருக்கலாம். அவன் முதலில் செய்தது, அந்தச் சீறல் முன்பக்கம் அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று தலையைத் தூக்கிப் பார்த்ததுதான்.

"பிளக்தான்க்கா! சின்ன விஷயம்!"

"ம்" என்று வந்தது.

பையில் பசை டப்பா இருந்தது. கொதிக்கிற குழாயில் கை சுடச் சுட அப்பினான். கொப்புளம் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அப்பினான். அவள் இறங்கி வந்து பார்ப்பதற்குள். அந்தப் போட்டோ அவள் ஞாபகத்துக்கு வருவதற்குள். காதோரம் சூடாகி, தனியாக இருக்கும்போதே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத அப்படி ஒரு வெட்கம்.

"மிதி."

உறுமியது.

"விடு."

டப்.

"இன்னும் ஒரு தடவை, மிதி. போதும், விடுக்கா."

விடவில்லை. உறுமல் ஏறிக்கொண்டே போனது. மூடி நடுங்கியது. டார்ச் உருண்டு விழுந்தது.

"போதும்க்கா! காலை எடு!"

எடுத்தாள். டப். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி இன்ஜின் தன்பாட்டுக்கு முனகியது.

ஹீட்டர் பிடியை அவள் கவனிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று முன்னால் போனான். கதவைத் திறந்தான்.

சீட்டில் யாரும் இல்லை.

மூடுபனி கதவு வழியாக உள்ளே நுழைந்தது. ஸ்டியரிங். காலி சீட். அதில் ஆள் உட்கார்ந்த பள்ளம், மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"அக்கா?"

பின்னால் மெத்தை. மெத்தையடியில் செருப்பு, கழற்றி விட்ட வாக்கிலேயே. போர்வை கழுத்து வரைக்கும். அவள் முகம் நல்ல சிவப்பு. குளிரிலிருந்து வந்து அடுப்படியில் நின்றவள் மாதிரி, கன்னம் ரெண்டும் ரோஜா நிறம். எவ்வளவு நல்லா இருக்கா. அதுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அந்த நிறம் என்னவென்று தெரிந்தது. படித்திருக்கிறான். அந்த வாயு கொன்றால் முகம் இப்படித்தான் சிவக்கும் என்று குழுவில் ஒருவன் எழுதியிருந்தான். அதற்கும் இவன் கைதட்டியிருந்தான்.

கண் பாதி திறந்திருந்தது. வாயோரம் எச்சில், காய்ந்து போய்.

காய்ந்து போய்.

தொட்டான். உலுக்கினான். பக்கக் கதவை இழுத்துத் திறந்தான், நெஞ்சை அழுத்தினான், வாயில் ஊதினான். தலை இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. அடியில் இன்ஜின் முனகியது. அதை நிறுத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் பாய்ந்து சாவியைத் திருப்பினான். பிடுங்கினான். கைக்குள் வைத்து இறுக்கினான், கொப்புளம் உடைகிற அளவுக்கு.

இன்ஜின் நின்றது.

மலை முழுக்க நிசப்தம். சூடான தகரம் ஆறுகிற சத்தம் மட்டும். டிக். டிக்.

அவள் அங்கே கிடந்தாள். கூப்பிட்டபோதும் அங்கேதான் கிடந்தாள். அப்படியென்றால் மிதித்தது. அப்படியென்றால் "ம்" என்றது.

சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

அவன் கண் எதிரே ஆக்ஸிலேட்டர் மிதி மெதுவாகக் கீழே இறங்கியது. அடிவரைக்கும். அங்கேயே நின்றது. மேலே ஒன்றும் இல்லை. காலும் இல்லை, செருப்பும் இல்லை. சாவி இவன் கையில்.

மிதி மேலே வந்தது.

டப்.

மெத்தையில் இல்லை, வெளியிலும் இல்லை, அந்தக் காலி சீட்டிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி 'என் தம்பி வண்டி' என்ற அதே குரலில், அதே கேலியோடு கேட்டது:

"காலை எடுத்துட்டேன்டா, இன்ஜினியர் சார். சரி பண்ணிட்டியா?"