டிஸ்க்கில் பிடித்துள்ள இடம்

‘யாஸியெல்’ என்ற ஃபோல்டர். அளவு: பூஜ்யம். டிஸ்க்கில் பிடித்துள்ள இடம்: நாற்பது ஜிபி. இது தன் டிஸ்க்குக்குள் எப்படி வந்தது என்று ஓஸ்மெலுக்குப் புரியவில்லை.

சியென்ஃபுவேகோஸ் நகரில் அவன் வீட்டு முன்னறைதான் கடை. ஹவானாவிலிருந்து பஸ்ஸில் வரும் வாரப் பொட்டலத்தை, அதாவது ஒரு டெராபைட் சீரியலையும் சினிமாவையும், தெருக்காரர்களின் டிஸ்க்குகளில் ஏற்றிக் கொடுப்பான். ஏற்றுவதற்கு முன் பழையதை அழித்து இடம் செய்யவேண்டும். அதில் அவனுக்கு ஒரு ருசி. எதையெல்லாம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். மங்கலான கல்யாணப் படம், நாய் வீடியோ, குப்பை.

போன வாரம் எனெய்தா தன் டிஸ்க்கோடு வந்தாள். மகன் யாஸியெலைக் கடலுக்குக் கொடுத்தவள்.

"எல்லாத்தையும் அழிச்சுக்கோ தம்பி. யாஸியெல் ஃபோல்டரை மட்டும் தொடாத. அவன் குரல் அதுலதான் இருக்கு."

"பூஜ்யம்னு போட்டிருக்கும்மா. உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது."

"எனக்கு தினமும் கேக்குதே."

"காதுல அழுக்கு சேர்ந்தாலும் கேக்கும்."

அவள் முகத்தைத் திருப்பியதும் அழித்தான். அளவு வேறு, பிடிக்கும் இடம் வேறு என்று ஊருக்கே பாடம் எடுப்பவன்தான். ஆனாலும் ஒரு கிழவிக்காக இரண்டாவது வரிவரை கண்ணை இறக்குவானேன்?

நேற்று வாசலில் நின்றாள். "குரல் நின்னுபோச்சு தம்பி." நாளைக்கு மூணு மணிக்கு வாங்க, எடுத்துத் தரேன் என்று சிரித்து அனுப்பினான். எடுக்க எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இப்போது மணி இரண்டரை. வெயிலுக்காகச் சாத்திய ஜன்னல்களின் இடுக்கில் வெளிச்சம் கோடு கோடாக விழ, டிஸ்க் சுழலும் இரைச்சலுக்கு அடியில் யாரோ ஈரமாக மூச்சு விடுவது போலிருந்தது. நனைந்த கயிற்றின் வாடையும் டீசல் வாடையும் அறைக்குள் மெல்லப் பரவின. ஃபோல்டரை அழித்தான். திரும்ப வந்தது. தொண்ணூறு ஜிபி. அழித்தான். முந்நூறு.

"கிழவி ஏதோ வைரஸ் ஏத்திட்டா," என்று உதட்டைச் சுழித்தான்.

டிஸ்க் நிரம்பியது. எண் நிற்கவில்லை. ஒரு டெராபைட் டிஸ்க்கில் மூன்று டெராபைட். மீதி எங்கே பிடிக்கிறது?

நாற்காலியைப் பின்னால் தள்ளினான். நகரவில்லை. திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒன்றுமில்லை. ஆனால் இடமும் இல்லை. முழங்கையை விரிக்க முடியவில்லை. ஏதோ ஈரமானது இடித்தது.

வழக்கம்போல் கரண்ட் போனது. தெருவில் எல்லோரும் அலுத்துக்கொள்வது கேட்டது. ஃபேன் நின்றது. திரை அணைந்தது.

டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது.

காற்றை இழுத்தான். நெஞ்சுக்குள் போகவில்லை. அங்கே இடமில்லை. நாக்கில் உப்பு.

கதவு தட்டப்பட்டது.

"தம்பி, நான்தான் எனெய்தா. என் பிள்ளை கிடைச்சானா?"

ஓஸ்மெல் பற்களை இறுகக் கடித்தான். வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை.

"இங்கதாம்மா இருக்கேன். உள்ள வா."