மாவுக்கட்டுக்குள்

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் தெருவை அதிரவைக்கும் சத்தம் அடங்கி, சாயப்பட்டறையின் புளித்த வாடை மட்டும் வெயிலில் மிதந்துகொண்டிருந்த அந்தக் காலையில், கணக்கு வாத்தியார் லோகநாதனுக்கு ஒரு தறிச் சத்தம் கேட்டது. தட். தட். வெகு பக்கத்தில். தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய வலது கால், மாவுக்கட்டோடு, கட்டில் சட்டத்தை ஒரே சீராக இடித்துக்கொண்டிருந்தது.

அவர் அசைக்கவில்லை.

"கால ஆட்டாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு இல்ல?" மனைவி ரேணுகாம்பாள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"மரத்துப்போச்சு, அதான்" என்றார். ஐந்து வாரத்தில் இது இரண்டாவது பொய்.

முதல் பொய்யை எலும்பு டாக்டர் மாணிக்கவேலிடம் சொல்லியிருந்தார். தேவிகாபுரம் ரோட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில், ராஜ்தூத் பைக்கில் வந்த லோகநாதன் ஒரு சைக்கிள்காரரை இடித்துத் தள்ளினார். திரும்பிப் பார்த்தார். பள்ளத்திலிருந்து ஒரு கை எழுந்தது. வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு மைல் தாண்டி, மறுபடி திரும்பிப் பார்த்ததில் மதகில் மோதி விழுந்தார். மாடு குறுக்கே வந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். தன் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் டாக்டர் நம்பினார். வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டும் போனார்.

போனமுறை, விரல்களைத் தொட்டுப் பார்த்தபடியே டாக்டர் சொன்னார்: "அன்னிக்கே அதே ரோட்டுல இன்னொரு கேஸ், வாத்தியாரே. தருமன்னு, தறி நெய்யறவர். இடிச்சவன் நிக்காம போயிட்டான். ரெண்டு மணி நேரம் பள்ளத்துல கிடந்திருக்காரு. முன்னாடியே வந்திருந்தா வலது காலைக் காப்பாத்தியிருப்பேன். இப்ப என்னடான்னா, இல்லாத காலுக்கு யாரோ கட்டுப் போட்டு இறுக்கறாங்கன்னு சொல்லிகினு இருக்காரு. அந்தக் காலால தறியோட மிதிகட்டைய வேற மிதிக்கறாராம்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

"எல்லாரும் உங்கள மாதிரி சொன்னபடி கேட்டா எனக்கு வேலையே இல்ல" என்று டாக்டர் சிரித்தார். வந்தது உள்ளே போய்விட்டது.

கட்டுப் பிரிக்கும் நாளன்று, டெட்டால் நெடி அடித்த டாக்டரின் அறையில், எதிர் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கக்கத்தில் ஊன்றுகட்டை. வேட்டியின் வலது பக்கம் மடித்துச் செருகியிருந்தது. லோகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்களும் வண்டிலயா சார்?" என்றார் தருமன்.

"மாடு குறுக்க வந்துடுச்சு."

"மாடு தேவலாம் சார். இடிச்சா நின்னுகினு பாக்கும்."

லோகநாதனின் காது மடல்கள் எரிந்தன.

டாக்டர் மாவுக்கட்டை வெட்டிப் பிரித்தார். உள்ளே வெளுத்து, மெலிந்து, பொருக்குத் தட்டிய கால். தன்னுடைய கால்தான். டாக்டர் குவளையில் தண்ணீர் எடுத்துப் பாதத்தில் ஊற்றினார்.

எதிர் பெஞ்சில் தருமன் துள்ளினார்.

"சில்லுனு இருக்குது."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பிறகு, மெதுவாக, லோகநாதனின் பெருவிரலை அழுத்தினார்.

"பெருவிரலு" என்றார் தருமன். கண் மூடியிருந்தது.

அடுத்து, கடைசி விரல்.

"சுண்டுவிரலு."

மின்விசிறி சுற்றியது. தண்ணீர் சொட்டியது. டாக்டர் நிமிர்ந்து லோகநாதனைப் பார்த்தார். அந்த முகத்தில் இன்னமும் நம்பிக்கை இருந்தது. அதைத்தான் லோகநாதனால் தாங்க முடியவில்லை.

"வாத்தியாரே, அன்னிக்கு மாடுதானே வந்துச்சு?"

ஆமாம் என்று லோகநாதன் தலையாட்டினார்.

கால் எழுந்தது. மிதித்தது. இரண்டு கையாலும் முட்டியை அமுக்கினார். எழுந்தது. மிதித்தது.

எதிரே, தருமனின் கைகள் மடியிலிருந்து தாமாகக் கிளம்பி, வெறும் காற்றில் தறி நாடாவை எறிந்து பிடித்தன. இந்தக் கை. அந்தக் கை. மிதிக்கு ஒன்று.

தருமன் கண்ணைத் திறந்தார். மிதிக்கும் காலைப் பார்த்தார். லோகநாதனைப் பார்த்தார். கைகள் நிற்கவில்லை.