காணாமற்போன ரோமானியத் தளபதி

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி வேளையில் வாசலில் வந்து நின்ற நித்தியானந்தனின் முகத்தைப் பார்த்ததும், ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் கல்யாணி பயந்தாள்.

"அண்ணை, ரோமானியத் தளபதியைக் காணேல்லை!" என்றார் அவர்.

கல்யாணியின் கணவர் கிருஷ்ணசாமிக்குச் சிட்னி ரயில்வேயில், பயணிகள் தொலைத்த பொருள்களைக் காக்கும் வேலை. அதனால் லிட்கம் தமிழர் வீடுகளில் எது காணாமற்போனாலும் ஆள் இங்கேதான் வரும். துப்புத் துலக்குவதில் பாதிப் பெருமை தன்னுடையது என்பது கல்யாணியின் கணக்கு.

நித்தியானந்தன் லத்தீன் ஆசிரியர். அந்தத் தளபதி தன் படையெடுப்புகளைப் பற்றித் தானே எழுதிய நூலின் இருநூறு வருடப் பழைய பிரதி ஒன்றைத் தலைமையாசிரியர் நம்பிக் கொடுத்திருந்தார். சிவப்புத் தோல் அட்டை, கையடக்க அளவு.

"நாளைக்குத்தான் என்ர வேலையை நிரந்தரமாக்கிற கூட்டம். புத்தகத்தையும் நாளைக்கே குடுக்கோணும். அதைத் துலைச்சவனை வேலையில ஆர் வைச்சிருப்பினம்?"

"கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டார் கிருஷ்ணசாமி.

"வெள்ளி பின்னேரம், மேசையில. நேற்று முழுக்க நான் பள்ளிக்கூடத்தில, தவணை தொடங்கிற ஆயத்த வேலை. மனுசி பின்னேரம் மெல்போர்னுக்கு ரயில் ஏறிட்டா, தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு. அங்க டெலிபோனும் இல்லை." குரலைத் தாழ்த்தினார். "மிச்சம் எங்கட வீட்டில அறை எடுத்திருக்கிற சச்சிதானந்தன்தான். பழைய புத்தகக் கடையில வேலை. விலை தெரிஞ்சவன்."

"அலமாரியில தேடினீங்களா?"

"அதில என்ர வகுப்புப் புத்தகங்கள் ஒன்பதுதான் அண்ணை."

மூவரும் போனபோது அவர் வீட்டு நடையில் கட்டிய பெட்டி ஒன்று நின்றது. சச்சிதானந்தனுடையது. படிப்பறை ஜன்னலடியில் காய்ந்த சேற்றுச் சப்பாத்துத் தடம். கல்யாணிக்குக் கையும் காலும் துறுதுறுத்தன.

"ஏங்க, திருடிட்டு ஓடப் பாக்கறான்!"

கிருஷ்ணசாமி தடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேசையிலிருந்து அலமாரிக்குப் போகும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை மேல் ஒரு காய்ந்த சோற்றுப் பருக்கை. சுவரில் வெறும் ஆணி.

"இங்க என்ன மாட்டியிருந்தது சார்?"

"போன வருசக் கலண்டர். பெரிய ஹார்பர் பாலப் படம்."

"கல்யாணி, அலமாரிப் புத்தகத்தை எண்ணு."

எல்லாம் புது வெள்ளை உறை போட்டு வரிசையாக நின்றன. "பத்து" என்றாள் கல்யாணி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

கிருஷ்ணசாமி சச்சிதானந்தனையும் அழைத்து உட்கார வைத்தார். "பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. நம்ம வீடுகள்ல அப்ப என்ன நடக்கும்? புத்தகத்துக்கெல்லாம் அட்டை போடுவாங்க. நல்ல தாள்னா பழைய காலண்டர்தான், வெள்ளைப் பக்கம் வெளியே. ஒட்டப் பசைக்கு எங்க போக? சோறு! எறும்பு அதுக்குத்தான் வருது. ஊரைச் சுத்தி மதில் கட்டி எதிரியை மடக்கின தளபதிக்கே, வகுப்புப் புத்தகம்னு நினைச்சு, உங்க வீட்டம்மா மதில் கட்டிட்டாங்க."

நித்தியானந்தன் ஒவ்வோர் உறையாக விலக்கினார். ஏழாவதில் சிவப்புத் தோல் எட்டிப் பார்த்தது. பசை தாளோடு நின்றுவிட்டது, தோலில் ஒரு கறையும் இல்லை. "முருகா!" என்று புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணிக்கும் கண் கலங்கியது. வருடா வருடம் சோறு குழைத்து அட்டை போடுகிறவள் அவள். இதைக் கோட்டை விட்டது வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப அந்தச் சேறு?" என்றாள் மெதுவாக.

"நேற்றுப் பின்னேரம் மழையில ஜன்னல் திறந்து கிடந்தது அக்கா. சாத்த வந்தனான்" என்றான் சச்சிதானந்தன். "இரவு மாஸ்டர் என்னைப் பாத்த பார்வைக்குத்தான் பெட்டியைக் கட்டினனான்."

  நித்தியானந்தன் எழுந்து நடைக்குப் போய், அந்தக் கனத்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சச்சிதானந்தனின் அறைக்குள் தானே கொண்டுபோய் வைத்தார்.