முதுகுப் பக்கம்

அலுமாரியைத் திறந்தபோது வாடகைக்கு விடும் கலியாணக் கவுனின் இரண்டு கைகளும் நெஞ்சின்மேல் மடிந்திருந்தன. வலது கை மேலே, இடது கை கீழே. ஸ்ரெல்லா அவற்றைப் பிரித்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டாள். நேற்றும் அப்படித்தான் தொங்கவிட்டாள். முந்தநாளும்.

வெளியே ஐப்பசி மழை. குருநகரின் ஈரவலை நாற்றமும் கருவாட்டு நாற்றமும் யன்னல் இடுக்கால் நுழைந்து, அறைக்குள் இருந்த பவுடர், ஹெயார் ஸ்பிரே, சூடான இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றோடும் கலந்து கிடக்க, அத்தனைக்கும் அடியில் இன்னொரு மணம் இருந்தது: அணைந்த மெழுகுதிரியும், பிணத்துக்கு ஏற்றும் மருந்தும். எத்தனை முறை துவைத்தும் அது கவுனை விட்டுப் போகவில்லை.

பகல் ஒரு மணி. மூன்று மணிக்குக் கோயிலில் அவளுடைய மகள் ஜெயனிக்குக் கலியாணம்.

“என்னம்மா, அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கொண்டு வாங்கோ.”

“பிள்ளை, கொழும்பிலை வாங்கினதைப் போடன். ஒருத்தரும் போடாத புதுசு.”

“அது தலையணை உறை மாதிரிக் கிடக்கு. லண்டன் மச்சாள் படத்தைப் பாத்து இந்தக் கவுனைத்தானே கேட்டவ. ஊரிலை எல்லாரும் போட்டிட்டினம். கவுன்காரியின்ரை மகளுக்கு மட்டும் விலக்கோ?”

இரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் கவுனின் முதுகில் திறப்பே இருக்கவில்லை. விலாப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜிப் மட்டும். அதே தெருவில் இருந்த லூர்த்தம்மாவின் மகள் அதைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் இரண்டு சுற்றுச் சுற்றி, இதுதான் வேணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனாள். கலியாணம் ஆகாமல் போனவளை மணப்பெண்ணாக உடுத்தித்தான் அனுப்பவேண்டும் என்று வீட்டார் ஸ்ரெல்லாவைக் கூப்பிட்டார்கள். பதிவுக் கொப்பியில் பெயர் இருந்தது. ஸ்ரெல்லா அளவை மட்டும் பார்த்தாள்.

விறைத்த கைகள் சட்டைக்குள் நுழையாது. கவுனின் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்புவரை நேராக வெட்டி, முன்பக்கமாக மாட்டி, இரண்டு ஓரங்களையும் உடம்புக்கு அடியில் செருகினாள். செத்தவர்களின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. இடது தோள் இறங்கியிருந்தது. அதற்குத் துணி மடித்து முட்டுக் கொடுத்தாள். கைகளை நெஞ்சில் மடித்துச் செபமாலை சுற்றினாள். வெளிநாட்டு உறவுகள் ஃபோனில் பார்த்து, வடிவாய்த்தான் இருக்கிறாள் என்று அழுதார்கள்.

பெட்டி மூடுமுன் லூர்த்தம்மா ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்தாள். “அக்கா, அவள் ஆசைப்பட்டது இது ஒண்டுதான். இதோடை போகட்டும்.”

“அது வாடகைச் சாமான்,” என்றாள் ஸ்ரெல்லா. அடுத்த சனிக்கிழமைக்கு வேறொருத்தி கேட்டிருந்தாள். எல்லோரையும் வெளியே அனுப்பி, கவுனை உருவி எடுத்து, நீலப் பூப்போட்ட பழைய பருத்திச் சட்டையொன்றைச் செத்தவளுக்கு மாட்டிவிட்டாள்.

வெட்டைத் தைத்தால் தழும்பு தெரியும். ஆகவே இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளை போட்டு, வெள்ளி வளையம் அடித்து, குறுக்கும் மறுக்குமாக ரிபன் கோத்தாள். அது ஃபாஷன் ஆகிவிட்டது. ஃபேஸ்புக்கில் படம் போட்டதும் எல்லாப் பெண்களும் அதையே கேட்டார்கள். மெலிந்தவளுக்கும் பொருந்தியது, தடித்தவளுக்கும் பொருந்தியது. உடம்புக்கென்றே தைத்த மாதிரி என்றார்கள். அது பொய் என்று போன கிழமைதான் ஸ்ரெல்லாவுக்குத் தெரிந்தது. பழைய படங்களை வரிசையாகப் பார்த்தாள். பதினொரு மணப்பெண்கள். பதினொரு பேருக்கும் ஒரே இடுப்பு, ஒரே கழுத்து. பதினொரு பேருக்கும் இடது தோள் இறங்கியிருந்தது.

சொன்னால், பிணத்தின் சட்டையை ஊருக்குப் போட்டவள் என்று காறித் துப்புவார்கள். மாப்பிள்ளை ஜெரோசன் வீட்டார் கோயில் வாசலிலேயே திரும்பிப் போவார்கள். சொல்லாவிட்டால் போடப்போவது ஜெயனி.

ஸ்ரெல்லா சொல்லவில்லை. கவுனைத் தலைக்கு மேலால் இறக்கினாள்.

வட்ட விளக்கின் முன்னால் ஃபோன் நிறுத்தியிருந்தது. மாப்பிள்ளையின் தமக்கை லண்டனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஜெயனி, சோக்காய் இருக்கிறீர்! உமக்கு உப்பிடியொரு இடுப்பு இருந்ததெண்டு எனக்குத் தெரியாது.”

“எனக்கே தெரியாது மச்சாள்,” என்று ஜெயனி சிரித்தாள். “அம்மா, இன்னும் இறுக்குங்கோ.”

ஸ்ரெல்லா இழுத்தாள். ரிபன் கையில் நீண்டுகொண்டே வந்தது.

“இன்னும்.”

“காணும் பிள்ளை.”

“இன்னும் இறுக்குங்கோ.”

விரல் முதுகில் பட்டது. ஐஸ்பெட்டி மீனைத் தொட்டது போல் இருந்தது. வலது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கும். குழந்தையாகக் குளிப்பாட்டிய நாளிலிருந்து பார்த்த மச்சம். ஸ்ரெல்லா தேடினாள். இல்லை.

இடது தோள் மெல்ல இறங்கியது.

ரிபன் அசையவில்லை. மூச்சு விட்டால் அசையவேண்டும்.

“பிள்ளை, மூச்சு விடுறியோ?”

கண்ணாடியில் ஜெயனி சிரித்தபடி நின்றாள். பவுடர் பூசிய சிரிப்பு.

“ஜெயனி, இது வேண்டாம். இது... இது செத்தவீட்டுச் சட்டை. கழட்டு.”

கடைசியில் சொல்லிவிட்டாள். லண்டனும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஜெயனி அசையவில்லை. ஸ்ரெல்லா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. மேசையில் கத்தரிக்கோல் கிடந்தது. அன்று கவுனின் முதுகை வெட்டிய அதே கத்தரிக்கோல். கழுத்தடியில் வைத்தாள். வெட்டினாள்.

தடையில்லாமல் இறங்கியது. ரிபன் விழுந்தது. துணி இரு பக்கமும் விலகியது.

துணிக்குக் கீழே தோலும் விலகியது.

கழுத்திலிருந்து இடுப்புவரை. நேராக. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. இரு ஓரங்களிலும் வரிசையாகச் சிறு துளைகள், அவள் அளந்து போட்ட அதே இடைவெளியில்.

உள்ளே நீலப் பூப்போட்ட பருத்திச் சட்டை.

“என்ன மாமி சொன்னனீங்கள்? இங்கை விட்டுவிட்டுத்தான் கேக்குது,” என்றது ஃபோன். “ஜெயனி, திரும்பும். பின்பக்கத்தையும் பாப்பம்.”

ஜெயனியின் கைகள் நெஞ்சில் மடிந்தன. வலது மேலே, இடது கீழே. அவள் மெல்லத் திரும்பினாள். சிரித்த முகம் ஸ்ரெல்லாவுக்கு நேராக வந்து நின்றது.

திறந்த முதுகு ஃபோனின் பக்கம் இருந்தது.