பல் தெரிந்தால் சிரிப்பா?

உலகத்தில் உயிருள்ள எதையும் சிரிக்க வைக்கத் தெரிந்த ஒரே மனிதர் மிளகின் மாமாதான். இதை மாமாவே பல தடவை சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

மாமா ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மாடியில் ஒரே அறை. முன்பக்கம் படிக்கட்டு, பின்பக்கம் சின்னதாக ஒரு திறந்தவெளி. சுவரில் அருவியும் மரங்களும் வரைந்த திரை. கூரை மட்டும் தகரம். மழை வந்தால் மாமா பேசுவது யாருக்கும் கேட்காது. அதனால் மிளகுக்கு மழை பிடிக்கும்.

மிளகுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஆள் சின்னது, பேச்சு காரம் என்பதால் இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அன்று பள்ளி விட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அருவித் திரைக்கு முன்னால் ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் ஒரு குரங்குக் குட்டி.

"யாரு மாமா இது?"

"நம்ம புது பார்ட்னர். பழத்தோட்டத்து வலையில மாட்டுச்சாம். லாரிக்காரர் கொடுத்துட்டுப் போனாரு. இனிமே நம்ம கடையில குரங்கோட நின்னு படம் எடுத்துக்கலாம். ஊரே வரிசை கட்டி நிக்கும் பாரு!"

மாமா கேமராவைத் தூக்கினார். "சிரி ராஜா, சிரி!"

பளிச்!

குட்டி உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டியது.

"பார்த்தியா? சொல்லியே தர வேண்டாம். பிறவிக் கலைஞன்!"

மிளகு கூண்டின் அருகே போனாள். குட்டி மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. இந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அவளும் இப்படித்தான் சிரித்தாள்.

"மாமா, இது சிரிக்கல. பயப்படுது."

"பல்லு தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"பல்லு தெரிஞ்சா அதுக்குப் பேரு சிரிப்பு. இந்தத் தொழில்ல எனக்குத் தலையே நரைச்சாச்சு. எனக்கே பாடம் நடத்துறியா?"

மிளகு கூண்டுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தாள். குட்டியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தால், குட்டியின் உதடுகள் மூடியிருந்தன.

"பாருங்க. நாம முறைக்காம இருந்தா அதுவும் வாயை மூடிக்குது."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்கு! படம் எடுக்கிறவன் தலையைத் தொங்கப் போட்டுத் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா கடை உருப்பட்ட மாதிரிதான்!"

தொம்!

தகரக் கூரையில் ஏதோ குதித்தது. மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தொம்! தொம்! பிறகு கூரை முழுவதும் தடதடவென்று கால்கள் ஓடின.

குட்டி "கீ..." என்று கத்தியது. வெளியே இருந்து ஒரு குரல் அதற்குப் பதில் சொன்னது.

"குரங்குதானே!" என்றார் மாமா. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. "நான் ஒரு முறை முறைச்சா திரும்பிப் பார்க்காம ஓடும்."

"வேண்டாம் மாமா! கண்ணுக்குக் கண் பார்த்தா சண்டைக்குக் கூப்பிடுறோம்னு நினைச்சுக்கும்."

மாமா முன்கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாகப் போனார். ஓர் உறுமல் கேட்டது. கதவு படாரென்று திறந்து மூடியது. மாமா உள்ளே நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. சட்டையில் ஒரு கை இல்லை. நல்லவேளை, உடம்பில் கீறல் இல்லை.

"ஓடிடுச்சா மாமா?"

"ஓடியாச்சு."

"யாரு?"

மாமா தாழ்ப்பாளைப் போட்டார்.

அப்போது பின்பக்க ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பெரிய பெண் குரங்கு. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து உள்ளே பார்த்தது. குட்டி கூண்டுக் கம்பியில் மோதிக்கொண்டு அலறியது. பெண் குரங்கு கண்ணாடியில் ஓங்கி அறைந்தது. கீற்றாக ஒரு விரிசல் விழுந்தது.

மாமா அனிச்சையாகக் கேமராவைத் தூக்கினார். லென்ஸைக் கண்டதும் பெண் குரங்கு உதட்டை இழுத்தது. பல் தெரிந்தது. ஆனால் ஜன்னலை விட்டு நகரவில்லை.

மிளகு மெதுவாகக் கேட்டாள்: "அதோட அம்மாவும் சிரிக்குதா, மாமா?"

மாமா கேமராவைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்றார். மிளகிடம் அவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"கூண்டைப் பின்பக்கம் வச்சுட்டு நாம உள்ளேயே இருந்து திறக்கணும். திரையைச் சுருட்டுற கயிறு வேணும்."

கயிற்றின் ஒரு முனையைக் கூண்டின் தாழ்ப்பாளில் கட்டினாள். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். மாமா கேமரா ஸ்டாண்டால் கூண்டை வெளியே தள்ளினார்.

கூண்டு வாசலைத் தாண்டியதுதான் தாமதம், பெண் குரங்கு அதன் மேல் வந்து குதித்தது. மிளகுக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவிடுக்குதான் இருந்தது.

"கதவை மூடு! மூடு!" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

வேகமாக மூடினால் மிரண்டு பாயும். மிளகு தன் கால் விரல்களைப் பார்த்தாள். கதவை மெல்ல, மெல்லச் சாத்தினாள். அடியில் இருந்த சந்தில் கயிறு மட்டும் நீண்டிருந்தது.

இழுத்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். வெளியே குட்டியின் அலறல் கூடியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது.

"மாமா, வரமாட்டேங்குது!"

மாமா தரையில் தொப்பென்று உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார். இருவரும் இழுத்தார்கள்.

டக்!

இருவரும் மல்லாக்க விழுந்தார்கள்.

எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். குட்டி ஏற்கெனவே அம்மாவின் வயிற்றில் ஒட்டியிருந்தது. வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பெண் குரங்கு சுவரைத் தாண்டி, பக்கத்து மரத்துக்குத் தாவியது. கூரையில் தடதடத்த கால்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

மரத்திலிருந்து குட்டி ஒரு தடவை எட்டிப் பார்த்தது. வாய் மூடியிருந்தது. அதைப் படம் எடுக்க மாமாவுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஓர் அம்மா தன் சின்ன மகனைப் படம் எடுக்கக் கூட்டி வந்தார். அருவித் திரைக்கு முன்னால் உட்கார வைத்ததும் பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"சிரி ராஜா, சி..." என்று ஆரம்பித்த மாமா நிறுத்திக்கொண்டார். பையன் அழுகைக்கு நடுவே பயந்துகொண்டே பல்லைக் காட்டினான்.

மாமா கேமராவை ஓரமாக வைத்தார். பையனுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையையே பார்த்தார்.

"என்னண்ணா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒரு ஸ்க்ரூ," என்றார் மாமா, மிளகின் பக்கம் திரும்பாமலே.

பையன் மூக்கை உறிஞ்சினான். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, மாமாவின் பக்கத்தில் குந்தி அவனும் ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தான்.